எட்டாம் நம்பர் தூக்கிய கை

கூடைப்பந்தில் ஓர் ஆட்டக்காரருக்கு ஐந்து ஃபவுல்தான். ஐந்தாவது விழுந்தால் வெளியே போய் உட்கார வேண்டும். எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் இதுதான் சட்டம். மலேசியாவில், கிள்ளான் அணியில் நான் ஆடிய நான்கு வருடத்தில் ஒரு தடவைகூட ஐந்தாவது ஃபவுலுக்காக வெளியே போனதில்லை. அது என் ஒழுக்கம் என்று ஒரு நிருபர் எழுதினார். ஒழுக்கமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. என் ஃபவுல்களை வேறொருத்தி வாங்கிக்கொண்டாள்.

அவள் ஜெர்சி நம்பர் எட்டு. என்னுடையது பன்னிரண்டு. அந்த அணியில் எல்லோரும் நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவோம். அவளை இன்றைக்கும் நான் எட்டு என்றுதான் கூப்பிடுகிறேன்.

அணியில் பன்னிரண்டு பெண்கள். பத்துப் பேர் சீனப் பெண்கள், நாங்கள் இரண்டு பேர் மட்டும் தமிழ்ப் பெண்கள். வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது சீனப் பள்ளி என்பதால் எங்களை அங்கே சேர்த்தார்கள். அந்தப் பள்ளியில் பந்து என்றால் கூடைப்பந்துதான். அப்படி வந்தவர்கள் நாங்கள்.

எங்கள் இரண்டு பேருக்கும் முகத்தில் ஒற்றுமை கிடையாது. நான் அவளைவிட நான்கு விரல் உயரம். அவளுக்குத் தாடையில் பெரிய மச்சம். எனக்கு மூக்கு கிளி மூக்கு. ஆனாலும் ரெஃப்ரிகளுக்கு நாங்கள் "அந்த இந்தியப் பொண்ணு"தான். எந்த இந்தியப் பெண் என்று நின்று பார்க்க அவர்களுக்குப் பொறுமை கிடையாது. ஒருநாள் நான் செய்த ஃபவுலை ரெஃப்ரி மேசைக்குப் போய் எட்டாம் நம்பர் பேரில் எழுதச் சொன்னார். எட்டு வாயைத் திறப்பதற்குள் ஆட்டம் தொடங்கிவிட்டது. எங்கள் கோச் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு சீனப் பெரியவர், சிரிக்கவே மாட்டார். அன்றைக்குச் சிரித்தார்.

அடுத்த பயிற்சியில் எங்கள் இருவரையும் தனியாகக் கூப்பிட்டார். இனிமேல் இரண்டு பேரும் ஒரே மாதிரி ஒற்றைப் பின்னல் போட வேண்டும், ஒரே கறுப்புப் பட்டையை மணிக்கட்டில் கட்ட வேண்டும் என்றார். கூட்டத்துக்குள் விசில் அடித்தால் எட்டு உடனே கையைத் தூக்க வேண்டும். ஃபவுல் செய்தவர் கையைத் தூக்கி ஒப்புக்கொள்வது அந்தக் காலத்துப் பழக்கம். கை தெரிந்தால் ரெஃப்ரி வேறு எதையும் பார்க்க மாட்டார், அந்த நம்பரை எழுதிவிட்டுப் போய்விடுவார். கோச் சொன்னது அப்படியே நடந்தது. ஒரு தடவை அல்ல, நான்கு வருடம் நடந்தது.

எங்களுக்கு அதில் சந்தோஷமும் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். எங்களைப் பிரித்துப் பார்க்கத் தெரியாதவனை ஏமாற்றுவதில் என்ன தப்பு என்று நினைத்தோம். பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே எட்டு சொல்வாள்:

"நம்ம கலருக்குக் கெடச்ச டிஸ்கவுண்ட் லா, பன்னெண்டு. அனுபவி."

கையை ஏன் எப்போதும் அவளே தூக்க வேண்டும் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை. பாயிண்ட் போடுகிறவள் நான். என்னை மறித்து வருகிறவர்களை உடம்பால் தடுத்து எனக்கு வழி திறக்கிறவள் அவள். ஒரு ஆட்டத்தில் நான் முப்பது போட்டால் அவள் நான்கு போடுவாள். என் முப்பதில் இருபது அவள் நெஞ்சில் இடி வாங்கி எடுத்துக் கொடுத்தது. ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் என்னிடம் வருவார்கள். அவள் பந்துகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டிருப்பாள்.

இனி அந்த இறுதி ஆட்டம்.

கோலாலம்பூரில் ஒரு பெரிய நிறுவனத்துக்குச் சொந்தமாகப் பெண்கள் அணி இருந்தது. அணியில் சேர்ந்தால் ஆபீஸில் வேலை, நிரந்தரம். அந்த நிறுவனத்து ஆட்கள் அன்றைக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். எங்களில் இரண்டு பேரை எடுக்கப் போவதாகப் பேச்சு. கோச் கொடுத்த இரண்டு நம்பர் எங்களுடையவைதான். எட்டின் அப்பா துறைமுகத்தில் மூட்டை விழுந்து முதுகு போய் வீட்டில் படுத்திருந்தார். அந்த வேலை என்னைவிட அவளுக்குத்தான் தேவை. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாது என்று சொல்ல எனக்கு வழியே இல்லை, அவள் வீட்டில் வாரத்துக்கு மூன்று நாள் சாப்பிட்டவள் நான்.

கடைசிக் கால் ஆட்டம் தொடங்கும்போது என் பேரில் நான்கு ஃபவுல். இன்னும் ஒன்று விழுந்தால் நான் வெளியே. எதிரணியில் என்னைக் காவல் காத்தவள் பக்கத்து ஊர் காப்பாரிலிருந்து வந்த ஒரு சீனப் பெண். நல்ல உயரம், நல்ல பலம். ஆட்டம் முழுக்க என் ஜெர்சியைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள். ரெஃப்ரி கண்டுகொள்ளவில்லை. எனக்கு வெறி ஏறிவிட்டது. வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்துக்கு நான்கைந்து பேர் ஒன்றாகக் குதித்தோம். பந்து என் கைக்கு வந்தது. அவள் மறுபடியும் ஜெர்சியைப் பிடித்தாள். நான் இரண்டு முழங்கையையும் விரித்து உடம்பைத் திருப்பினேன்.

எதேச்சையாகப் பட்டது என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய். முழங்கையை வேண்டுமென்றேதான் வீசினேன். கண்ணில் போய் இறங்கும் என்று தெரியாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

விசில் அடித்தது. ரெஃப்ரி எங்களுக்குப் பின்னால் நின்றார். எட்டு என் தோளை ஒட்டி நின்றாள், என்ன நடந்தது என்று அவள் பார்க்கவில்லை. விசில் கேட்டதும் பழக்கத்தில் கை மேலே போனது. அதற்குப் பிறகுதான் அந்தப் பெண் தரையில் கிடப்பதையும் விரலிடுக்கில் ரத்தம் வருவதையும் பார்த்தோம். எட்டு கையை இறக்க மறந்துவிட்டாள். ரெஃப்ரி அந்தக் கையைப் பார்த்தார், ஜெர்சி நம்பரைப் பார்த்தார், கதவைக் காட்டினார்.

எட்டு என்னைப் பார்த்துவிட்டுப் போனாள். நான் பந்தைக் கேட்டு வாங்கினேன்.

அதற்குப் பிறகு நான் ஒன்பது பாயிண்ட் போட்டேன். மொத்தம் முப்பத்தெட்டு. ஜெயித்தோம். என்னைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டைச் சுற்றினார்கள். தூக்கச் சொல்லிக் கேட்கவில்லை, இறக்கிவிடச் சொல்லியும் கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து விசாரணை. கூடைப்பந்துச் சங்கக் கட்டடத்தில் மாடி அறை. ஒரு நீள மேசைக்குப் பின்னால் மூன்று ஆண்கள். படி ஏறும்போதே கோச் என்னிடம் சொல்லிவிட்டார்: கை தூக்குகிற தந்திரம் வெளியே வந்தால் அணி மொத்தத்துக்கும் தடை விழும், பன்னிரண்டு பேர் வாழ்க்கையும் போகும். அது உண்மைதான். அந்த உண்மையின் முதுகுக்குப் பின்னால் நான் இருபது வருடம் ஒளிந்திருந்தேன்.

காப்பார்ப் பெண் கண்ணில் கட்டோடு வந்திருந்தாள். இடது கண்ணில் பார்வை திரும்பாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். யார் அடித்தது என்று கேட்டார்கள். அவள் மற்றக் கண்ணால் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டு பேரும் அதே ஒற்றைப் பின்னல். கொஞ்ச நேரம் தயங்கிவிட்டு எட்டைக் கை காட்டினாள்.

பிறகு என்னைக் கேட்டார்கள். நீ பக்கத்திலேயே நின்றாயே, என்ன பார்த்தாய்?

எட்டு தலையைக் குனிந்து தனக்கு முன்னால் இருந்த தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பார்க்கவில்லை" என்று மலாயில் சொன்னேன். மலாயில் அது இரண்டே வார்த்தை. குரல்கூட நடுங்கவில்லை.

எட்டுக்கு இரண்டு வருடத் தடை. நிறுவனம் என்னை மட்டும் எடுத்துக்கொண்டது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் எல்லோரும் என் வாழ்க்கை என்று சொல்கிறார்கள். நிறுவனத்து அணி, மாநில அணி, வெளியூர்ப் பயணம், அதிகப் பாயிண்ட் எடுத்தவளுக்கான கோப்பை வருடத்துக்கு ஒன்று. கோப்பைகள் அலமாரியில் தூசு தின்கின்றன. முட்டி இரண்டும் போய்விட்டது. ஆட்டத்தை நிறுத்திய பிறகும் ஆபீஸ் வேலை இருந்தது, பதவி உயர்ந்தது, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு அடுக்குமாடி வீடு வாங்கினேன். எட்டு கிள்ளானிலேயே கல்யாணம் பண்ணிக்கொண்டு பள்ளி வேன் ஓட்டினாள். தடை முடிந்த பிறகும் அவள் பந்தைத் தொடவில்லை. கல்யாணத்துக்குப் போனேன், மொய் வைத்தேன், சாப்பிட்டேன், வந்தேன். அந்த அறையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. மன்னித்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னால், சீனப் புத்தாண்டுப் பெருநாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது கிள்ளான் பாசார் சந்தையில் அவளைப் பார்த்தேன். ஒரு பெட்டி ஆரஞ்சுப் பழத்தைப் பள்ளி வேனில் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"யாருக்குடி இவ்வளவு? எப்ப சீனத்தியா மாறுன?"

"காப்பாருக்கு. மீன்கடைக்காரிக்கு."

"எந்த மீன்கடைக்காரி?"

என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கண்ணு போச்சே, அவதான். வேற யாரு இருக்கா காப்பார்ல எனக்கு?"

வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். விசாரணை முடிந்த அடுத்த பெருநாளிலிருந்து ஒவ்வொரு வருடமும் போகிறாளாம்.

"மொதோ மூணு வருஷம் கேட் தொறக்கல. நாய் மட்டும் வந்து கத்தும். பைய கேட்டுல மாட்டிட்டு வந்துருவேன். நாலாவது வருஷம் அவங்க அம்மா தொறந்தாங்க. உள்ள கூப்பிட்டு ஒக்கார வெச்சு சூப்பு குடுத்தாங்க. இப்ப எம் மவனுக்கு மீன்ல முள்ளு எடுத்துக் குடுக்கிறதே அவதான். அவங்க அம்மா செத்தப்ப மூணு நாளும் நான் அங்கதான் இருந்தேன்."

"நீ எதுக்குப் போன? நீ அடிக்கலையே."

"கை தூக்குனது நாந்தானே லா. தூக்குன கைய எங்க கொண்டு போயி வெக்கிறது?"

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அவள் மேல் கோபம். என் தப்புக்கு இவள் பழம் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள், எனக்குச் சொல்லாமல். இருபது வருடம் என்னைவிட நல்லவளாக இருந்திருக்கிறாள். அது எனக்குத் தாங்கவில்லை.

"நான் போயி சொல்றேன். அடிச்சது நாந்தான்னு சொல்லிர்றேன்."

எட்டு பெட்டியைக் கீழே வைத்தாள்.

"வேணாம்."

"ஏன் வேணாம்? உண்மைதானே?"

"உண்மைக்கு இப்ப என்னடி அவசரம்? அவ என்னை மன்னிச்சு, பழகி, எல்லாம் முடிஞ்சு போச்சு. ஒனக்கு நெஞ்சு அரிக்குதுன்னா மருந்து வாங்கித் தடவு. அவகிட்ட போயி சொறியாத."

அவள் சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும். நான் யார் பேச்சையும் கேட்கிறவள் இல்லை. கோர்ட்டிலும் அப்படித்தான், பந்து கையில் இருந்தால் யாருக்கும் கொடுக்க மாட்டேன். இரண்டு நாள் கழித்து ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டுக் காலையிலேயே காப்பாருக்குக் காரை விட்டேன். நியாயம் செய்யப் போகிறேன் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன்.

காலைச் சந்தையில் அவள் கடையைக் கண்டுபிடிக்கக் கஷ்டப்படவில்லை. மீன்கடைகளில் உயரமான பெண் அவள் ஒருத்திதான். ரப்பர் பூட்ஸ், பிளாஸ்டிக் ஏப்ரன். இடது கண் வெளுத்துப்போய் ஓரமாக நின்றது. என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

"அக்கா, கெம்போங் புதுசு லா. இன்னைக்கு வந்த மீனு. எவ்வளவு போட?"

மலாயில்தான் பேசினோம். நான் மீன் கேட்கவில்லை. பன்னிரண்டாம் நம்பர் நான் என்றேன். அந்த இறுதி ஆட்டம் என்றேன். முழங்கை என்னுடையது, எட்டு பழக்கத்தில் கையைத் தூக்கிவிட்டாள், நான் விசாரணையில் பார்க்கவில்லை என்று பொய் சொன்னேன் என்றேன். கோச் சொல்லிக்கொடுத்த பின்னலையும் பட்டையையும் சொன்னேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். கொட்டும்போது எனக்கு நெஞ்சு லேசாவது தெரிந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் என்னையே அறைய வேண்டும் போலிருக்கிறது.

அவள் வேறு யாருக்கோ மீன் செதில் சீவிக்கொண்டிருந்தாள். நான் முடிக்கும்வரை சீவிக்கொண்டே இருந்தாள். பிறகு கத்தியை வைத்தாள்.

"அப்ப நான் தப்பான ஆளைக் கை காட்டியிருக்கேன்."

"ஒங்க மேல தப்பில்ல..."

"அவளுக்கு வேலை கெடைக்காமப் போச்சே. அந்த வேலையப் பத்தி என்கிட்ட ஒருநாள் சொன்னா. நான் சாரி கேக்கல. எதுக்குக் கேக்கணும், அடிச்சவ அவதானேன்னு இருந்துட்டேன்."

அவள் நல்ல கண்ணால் என்னை அளந்து பார்த்தாள். மூக்கு, தாடை, உயரம்.

"நீங்க ரெண்டு பேரும் ஒரே மாதிரின்னு அன்னைக்கு நெனச்சேன். ஒண்ணும் ஒரே மாதிரி இல்ல."

"என்னைத் திட்டுங்க. அடிச்சாலும் பரவாயில்ல."

"அக்கா, மீனு வேணுமா வேணாமா? பின்னால ஆளு நிக்குது."

நகர்ந்துவிட்டேன். எனக்குப் பின்னால் நிஜமாகவே ஆள் நின்றது.

பெருநாள் இரண்டாம் நாள் எட்டு என் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு வந்தாள். அதற்கு முன்னால் அவள் அங்கே வந்ததே இல்லை. கையில் சிவப்புப் பை, நிறைய ஆரஞ்சு. பழம் கொண்டுபோனால் அந்த வீட்டுக்காரர்கள் பதிலுக்கு இரண்டு பழமாவது பையில் போட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள், அதுதான் சீனர் வழக்கம். இந்தப் பையில் எட்டு கொண்டுபோனது அப்படியே இருந்தது. மேசையில் வைத்தாள்.

"கேட் தொறக்கல. திரைக்குப் பின்னால நிக்கிறா, காலு தெரியுது."

"ஒன் மேல கோவமா?"

"கோவமா இருந்தா வெளிய வந்து கத்துவா. பாசார்க்காரிடி அவ. வெக்கம். என்னைக் கை காட்டுனது அவதானே? இனிமே எம் மூஞ்சிய எப்படிப் பாப்பா?"

"நான் நல்லதுக்குத்தானே..."

"ஒன் நல்லதுக்கு. எப்பவும் போல பாயிண்ட் ஒனக்கு, ஃபவுல் எனக்கு."

அவள் சத்தம் போடவில்லை. நான் தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. கதவுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"அன்னைக்கு அந்த ரூம்ல நீ சொல்லுவேன்னு நெனச்சு ஒக்காந்திருந்தேன். டீ ஆறிப் போச்சு. அப்ப சொல்லியிருந்தா எனக்கு வேலை கெடச்சிருக்கும். இப்ப சொல்லி எனக்கு இருந்த ஒரு வீட்டையும் மூடிட்ட."

செருப்பு வார் சரியாக மாட்டவில்லை. குனிந்து சரிசெய்தாள்.

"அடுத்த வருஷம் நீ போ. நாய்க்குப் பயப்படாத, கட்டித்தான் போட்டிருக்கும்."

சங்கத்துக்கு போன் செய்தேன். பழைய ஆட்டக்காரர்களின் படங்களைச் சுவரில் மாட்டப் போகிறோம், உங்கள் படம் ஒன்று அனுப்புங்கள் என்று அவர்கள்தான் முன்பு கேட்டிருந்தார்கள். அந்த ஃபவுலை என் பேரில் மாற்றி எழுதுங்கள், பிறகு படம் தருகிறேன் என்றேன். அந்தப் பக்கம் பேசிய இளம் பெண் அந்தக் காலத்துத் தாள் எதுவும் இப்போது இல்லை என்றாள். "அக்கா, பழைய கதை லா, விடுங்க" என்று சமாதானமும் சொன்னாள். படம் அனுப்பவில்லை. மாற்றி எழுத அவர்களிடம் தாள் இல்லாததால் இங்கே எழுதுகிறேன். அந்த ஐந்தாவது ஃபவுல் பன்னிரண்டாம் நம்பருடையது.

அடுத்த பெருநாளுக்குப் போனேன். நாய் கட்டித்தான் இருந்தது, ஆனாலும் பயந்தேன். கேட் திறக்கவில்லை. பையை மாட்டிவிட்டு வந்தேன்.

இந்த வருடமும் போனேன். கேட்டில் ஏற்கெனவே ஒரு சிவப்புப் பை தொங்கியது. காது இரண்டையும் சேர்த்து இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது. ஆட்டம் முடிந்து பந்துப் பையை எட்டு அப்படித்தான் கட்டுவாள். அவளுக்கும் திறக்கவில்லை.

என் பையை அதற்குப் பக்கத்தில் மாட்டினேன். நாய் குரைத்துக்கொண்டே இருந்தது. சன்னல் திரைக்குக் கீழே கால் தெரிகிறதா என்று பார்த்தேன். தெரிந்தது.